சாக்கடையில் தண்ணீர் ஏன் தேங்குகிறது?

சேலத்தில் இருட்டியதும் கடிக்கும் கொசு பெரும்பாலும் கியூலெக்ஸ். சாக்கடையில் தேங்கும் அழுக்குத் தண்ணீர்தான் அது முட்டையிட வசதி. முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீர் தேங்காமல் இருக்க, எத்தனை முறை தூர் வாரினோம் என்பதைவிட சாக்கடையின் வாட்டம், அதாவது சரிவு, முக்கியம். 100 அடிக்கு அரை அடி இறக்கம் கொடுத்தால் தண்ணீர் ஓடும். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடிக்காமல் கண்ணளவில் தோண்டினால் நடுவில் பள்ளம் விழுந்து அங்கேயே தேங்கும். அடிப்பகுதி குறுகலாக இருக்கட்டும். கோடையில் வரும் சொற்பத் தண்ணீரும் அப்போதுதான் நகரும்.

வாரிய சேற்றைக் கரையிலேயே குவிப்பது வெட்டிக் கூலி. அடுத்த மழைக்கே உள்ளே இறங்கிவிடும். திருமணிமுத்தாற்றில் வெள்ளம் வடிந்ததும் ஓரத்துக் குட்டைகளை வெட்டி ஓட்டத்தோடு சேர்த்துவிட வேண்டும்.

மருந்து கடைசி வழிதான். கொசுப்புழுவைக் கொல்லும் டெமிபாஸ் 1 சதவீதக் குருணை, தேங்கிய 1000 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம். ஓடும் நீரில் போட்டால் காசுதான் அடித்துக்கொண்டு போகும். கொசுப்புழுவைத் தின்னும் மீன்களில் கம்பூசியா கிணற்றுக்குச் சரி, நாறும் சாக்கடையில் தாங்காது; கப்பி ஓரளவு தாங்கும்.

டெங்கு பரப்பும் ஏடிஸுக்கு இந்த வேலை எதுவும் உதவாது. அது வீட்டு டிரம்மில் வளர்வது. வாரம் ஒருமுறை காலி செய்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது.