பாட்டே இல்லாத ஆல்பம் கொஞ்சம்

"வேற நாட்டு மியூசிக் ஏதாவது நல்லதா சொல்லு"ன்னு கேக்குறவங்ககிட்ட ஒண்ணு சொன்னா, அடுத்து வர்ற கேள்வி எப்பவும் "லிரிக்ஸ் புரியாதே"தான். சரி, லிரிக்ஸே இல்லாததா குடுத்தா ஆச்சுன்னு பாத்தா, "வெறும் மியூசிக்கா? போர் அடிக்கும்பா"ங்கறாங்க. இதை சொல்றது யாரு? ராஜா பாட்டுல ரெண்டாவது இன்டர்லூட்ல வர்ற வயலினுக்காக மொத்த பாட்டையும் திரும்பத் திரும்ப போடற ஆளு, படத்து பிஜிஎம்மை வெட்டி ரிங்டோனா வெச்சிருக்கற ஆளு. நமக்கு இன்ஸ்ட்ருமென்டல் கேக்கத் தெரியாதுன்னு சொன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன். முப்பது செகண்ட், நாப்பது செகண்டா கேட்டுப் பழகிட்டோம், அவ்ளோதான் விஷயம். அதே காதை வெச்சுக்கிட்டு நாப்பது நிமிஷம் உக்காந்தா என்ன ஆகும்னு பாக்கறதுக்காகத்தான் இந்த லிஸ்ட். ஜானர் எல்லாம் கலந்து கட்டி இருக்கும், கண்டுக்காதீங்க.

முதல்ல சரண்ஜித் சிங். பம்பாய் ஹிந்தி சினிமா ஆர்கெஸ்ட்ராக்கள்ல வாசிச்சிட்டிருந்தவரு, பேரு வெளிய தெரியாத எத்தனையோ செஷன் ஆளுங்கள்ல ஒருத்தரு. அவரு 1982ல ஜப்பான் ரோலண்ட் கம்பெனியோட மூணு எலக்ட்ரானிக் மெஷினை வெச்சுக்கிட்டு, டிஆர் 808 டிரம் மெஷின், டிபி 303 பேஸ், ஜூபிடர் 8 கீபோர்டு, பத்து ராகத்தை டிஸ்கோ பீட்ல வாசிச்சு வெச்சாரு. ஆல்பம் பேரே அதுதான், 'சிந்தசைஸிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. எச்எம்வி போட்டது, யாரும் பெருசா கண்டுக்கல. 2010ல ஒரு டச்சு லேபிள் (ரெக்கார்டு கம்பெனி) மறுபடி வெளியிட்டப்பதான் உலகமே வாயைப் பொளந்துச்சு, ஏன்னா இதே 303ஐ வெச்சு சிகாகோ பசங்க 'ஆசிட் ஹவுஸ்'னு ஒரு எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக் ஜானரையே கிளப்பினது 1987 வாக்குல, இவரு அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே கிட்டத்தட்ட அதே சத்தத்தை பண்ணி வெச்சிருக்காரு. உடனே "ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடிச்சது ஒரு இந்தியர்"னு ஃபார்வர்ட் மெசேஜ் ஆரம்பிச்சிருச்சு. எனக்கு அந்த பெருமை பேச்சு பிடிக்கல. சிகாகோ பசங்க இவரைக் கேட்டுட்டு பண்ணல, இவரும் புரட்சி பண்றோம்னு நெனச்சு பண்ணல, டிஸ்கோ ஓடுற நேரத்துல ராகத்தை டிஸ்கோவா போட்டா என்னன்னு நெனச்சிருக்காரு. அது போதாதா?

இதுல ரசிக்க வேண்டிய விஷயம் அந்த 303தான். பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் கிடைக்காதவங்களுக்குன்னு ரோலண்ட் விட்ட சின்ன சில்வர் பொட்டி அது, ஆனா சத்தம் பேஸ் கிட்டார் மாதிரி இருக்கவே இருக்காது, அதனால மார்க்கெட்ல போணியாகாம 1984லயே நிறுத்திட்டாங்க. அதுல ஸ்லைடுன்னு ஒரு வசதி உண்டு, ஒரு நோட்டுல இருந்து அடுத்த நோட்டுக்குக் குதிக்காம வழுக்கிட்டுப் போகும். அந்த வழுக்கல்ல ராகம் உக்காரும்போது, கமகம்னு (கர்நாடக சங்கீதத்துல சுரத்தை அசைச்சு வளைக்கறது) சொல்ல முடியாட்டியும் அதுக்கு தூரத்து சொந்தம் மாதிரி ஒண்ணு கேக்கும். நம்ம ஆளுங்களுக்கு ஒரு குறிப்பு: அந்த ஆல்பத்துல இருக்கறதெல்லாம் ஹிந்துஸ்தானி ராகம், அதுல மால்கௌன்ஸ் நம்ம கர்நாடக ஹிந்தோளம், பூபாளி நம்ம மோகனம், யமன் கல்யாணி, கலாவதி வலஜி. அவங்க தோடி மட்டும் நம்ம தோடி இல்ல, சுபபந்துவராளி பக்கம். இது தெரிஞ்சு கேட்டா சுவாரஸ்யம் டபுளாகும். குறை சொல்லணும்னா பத்து டிராக்கும் ஒரே டிரம் அடி, ஒரே மூச்சுல கேட்டா ஆறாவதுல தலை சுத்தும். ரெண்டா பிரிச்சு கேளுங்க. அப்புறம் தயவுசெஞ்சு போன் ஸ்பீக்கர்ல போடாதீங்க, 808ஓட கிக் அதுல வரவே வராது, கொசு பறக்கற சத்தம்தான் மிஞ்சும்.

அடுத்து எத்தியோப்பியா. பிரெஞ்சு லேபிள் ஒண்ணு 'எத்தியோப்பிக்ஸ்'னு ஒரு பெரிய சீரிஸ் போட்டிருக்கு, அதுல 21வது வால்யூம், 2006ல வந்தது, எமஹோய் செகே மரியம் கெப்ருங்கற கன்னியாஸ்திரியோட சோலோ பியானோ. வேற எந்த வாத்தியமும் கிடையாது. இவங்க கதையைக் கேட்டா படம் மாதிரி இருக்கும்: 1923ல அடிஸ் அபாபால வசதியான குடும்பத்துல பொறந்து, சின்ன வயசுல சுவிட்சர்லாந்துல படிச்சு, முசோலினி படை நாட்டைப் புடிச்சப்ப குடும்பத்தோட இத்தாலி தீவுல கைதியா இருந்து, அப்புறம் கெய்ரோல வயலினும் பியானோவும் கத்துக்கிட்டு, கடைசில எல்லாத்தையும் விட்டுட்டு மலை மேல இருக்கற மடத்துக்குப் போயி வருஷக்கணக்கா செருப்பு கூட போடாம இருந்தவங்க. 1967ல முதல் ரெக்கார்டு வந்தப்ப அந்த காசு அனாதைப் பிள்ளைங்களுக்குப் போச்சு. 2023ல ஜெருசலேம்ல இறந்தாங்க, வயசு 99.

கதையை விடுங்க, 'தி ஹோம்லெஸ் வாண்டரர்'னு ஒரு டிராக் இருக்கு, அதைப் போடுங்க. இடது கை மெதுவா நடந்துட்டே இருக்கும், வலது கை நெனச்சப்ப ஓடும், நெனச்சப்ப நிக்கும், தாளம் போடலாம்னு தொடைல கைய வெச்சா கண்டிப்பா தப்பும். மேற்கத்திய கிளாசிக்கல் படிச்ச விரல், ஆனா வாசிக்கறது எத்தியோப்பிய அஞ்சு சுர ஸ்கேல். அவங்க ஸ்கேல்கள்ல 'திஸிதா'ன்னு ஒண்ணு இருக்கு, அதோட மேஜர் வடிவத்துல இருக்கறது அப்படியே மோகனத்தோட அஞ்சு சுரம், சரிகபத. அதனாலதானோ என்னவோ எத்தியோப்பிய மியூசிக் முதல் தடவை கேக்கும்போதே நமக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கு. சுரம்தான் ஒண்ணு, நடை வேற. நம்ம ஆளுங்க மோகனத்தை சந்தோஷத்துக்கு எடுத்து வெப்பாங்க, அங்க திஸிதான்னாலே பழசை நெனச்சு ஏங்கறது. ராகத்துக்கு இந்த பாவம்தான்னு சண்டை போடறவங்க இதைக் கேட்டுட்டு வந்து சண்டை போடட்டும்.

ஆலிஸ் கோல்ட்ரேன் பேரு ஜாஸ் கேக்கறவங்களுக்குத் தெரியும், நம்ம பக்கம் ஜான் கோல்ட்ரேனோட மனைவிங்கற அளவுக்கு மேல போகாது. 1971ல வந்த 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. அந்த சச்சிதானந்தா யாருன்னா, கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்துல பொறந்த சுவாமி சச்சிதானந்தா, 1969ல அமெரிக்காவுல நடந்த வுட்ஸ்டாக் இசை விழாவுல லட்சக்கணக்கான ஹிப்பி கூட்டத்து முன்னாடி ஆரம்ப உரை பேசினவரு. புருஷன் 1967ல போனதுக்கு அப்புறம் நொறுங்கிப் போயிருந்த ஆலிஸுக்கு இவருதான் குரு. முதல் டிராக்ல தம்புரா, அது மேல சிசில் மெக்பீயோட டபுள் பேஸ் ஒரே ஒரு வரியை விடாம திருப்பித் திருப்பி வாசிக்கும், அதுக்கு மேல ஆலிஸோட ஹார்ப் தண்ணி மாதிரி கொட்டும், அப்புறம்தான் ஃபரோவா சாண்டர்ஸ் சாக்ஸஃபோன் உள்ள வரும். அந்த பேஸ் லைனை மட்டும் புடிச்சுக்கோங்க, மத்ததெல்லாம் தானா வரும். கடைசி டிராக் லைவ், நீளம், கொஞ்சம் பொறுமை வேணும், எனக்கே சில நாள் முடியாது.

சாக்ஸஃபோன்னு சொன்னதும் கத்ரி கோபால்நாத் ஞாபகம் வரணும் உங்களுக்கு. 'டூயட்' படத்துல வாசிச்ச அதே ஆளு. அவரும் அமெரிக்க ஜாஸ்காரர் ருத்ரேஷ் மஹந்தப்பாவும் சேந்து 2008ல 'கின்ஸ்மென்'னு ஒண்ணு பண்ணாங்க, கன்யாகுமரி மேடம் வயலின், பூவலூர் ஸ்ரீஜி மிருதங்கம், அந்தப் பக்கம் கிட்டார், பேஸ், டிரம்ஸ். ருத்ரேஷுக்கு கத்ரியோட ரெக்கார்டு முதல்ல கைக்கு வந்ததே அவரோட அண்ணன் கிண்டலுக்கு வாங்கிக் குடுத்துதானாம். ஃபியூஷன்னாலே எனக்கு அலர்ஜி, ஆளாளுக்கு டர்ன் எடுத்து வாசிச்சுட்டு கடைசில தனி ஆவர்த்தனத்துல கைதட்டு வாங்கற சமாச்சாரம். இது அப்படி இல்ல. ரெண்டு ஆல்டோ சாக்ஸும் ஒரே வரியை வேகமா சேந்து வாசிக்கற இடங்கள்ல யாரு எங்க ஊதறாங்கன்னு கண்டுபுடிக்கறதே ஒரு விளையாட்டு: சுரத்தை வளைச்சு வளைச்சு வந்தா கத்ரி, முனை உடைச்சு வந்தா ருத்ரேஷ்.

கச்சேரி மட்டும்தான் கேப்பேன்னு அடம் புடிக்கறவங்களுக்கு தனியா ஒண்ணு வெச்சிருக்கேன். எல். சங்கர், 'ஹூஸ் டு நோ', ஜெர்மனியோட ஈசிஎம் லேபிள். பத்து தந்தி டபுள் வயலின்ல ராகம் தானம் பல்லவி (கச்சேரில ஒரே ராகத்தை விரிவா வாசிக்கற பகுதி), பக்கத்துல உமையாள்புரம் சிவராமனும் ஜாகிர் உசேனும். இதுக்கு மேல நான் சொல்லணுமா?

மாலி நாட்டு அலி ஃபார்கா டூரே கிட்டார், டுமானி ஜபாட்டே கோரா, ரெண்டு பேரும் மாலி தலைநகர் பமாகோல ஒரு ஓட்டல்ல ரிகர்சலே இல்லாம உக்காந்து வாசிச்சது 'இன் தி ஹார்ட் ஆஃப் தி மூன்', 2005. கோராங்கறது சுரைக்குடுக்கைல செஞ்ச 21 தந்தி வாத்தியம், பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் வெச்சு வாசிக்கறது, ஒரே ஆளு பேஸும் மெலடியும் சேத்து வாசிக்கறப்ப மூணு பேரு இருக்கற மாதிரி இருக்கும். கிராமி வாங்கின ஆல்பம்தான், ஆனா நம்ம பக்கம் கேட்டவங்க ரொம்ப கம்மி.

கடைசியா ஜப்பான்காரர் ஹிரோஷி யோஷிமுரா, 'மியூசிக் ஃபார் நைன் போஸ்ட் கார்ட்ஸ்', 1982. சரண்ஜித் சிங் அங்க டிஸ்கோ போட்டுட்டிருந்த அதே வருஷம் இவரு எலக்ட்ரிக் பியானோல நாலு நோட்டு வாசிச்சுட்டு ஜன்னலைப் பாத்துட்டிருக்காரு. ஒண்ணுமே நடக்காது, அதுதான் ஆல்பம். படிக்கும்போது, எழுதும்போது ஓட விடலாம். பிஜிஎம் ஆளுங்களுக்கு இது ஒத்துக்காமப் போகலாம்னு தோணுது, ஏன்னா நாம பிஜிஎம்ல தேடறது ஹீரோ என்ட்ரி, இங்க யாரும் என்ட்ரி குடுக்க மாட்டாங்க.

எங்க ஆரம்பிக்கறதுன்னா, ராஜா ஆளா இருந்தா ஆலிஸ், ரஹ்மான் ஆளா இருந்தா சரண்ஜித் சிங். ரெண்டு பேரும் இல்ல நான் எம்எஸ்வி ஆளுன்னு சொல்றவங்க நேரா எமஹோய்கிட்ட போயிடுங்க.