நடு ஜன்னலில் மட்டும் வேறு வானம்

கூடத்தில் இருந்த மூன்று மர ஜன்னல்களையும் எடுத்துவிட்டு, இரட்டைக் கண்ணாடி போட்ட யு.பி.வி.சி. (கெட்டிப் பிளாஸ்டிக்) ஜன்னல்கள் வைத்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. மாலையில் என் மகள், "அப்பா, நடு ஜன்னலில் மட்டும் வானம் வேறு நிறமாகத் தெரிகிறது" என்றாள். அதற்குப் பிறகுதான் மூன்றையும் உற்றுப் பார்த்தேன். நிறம் மட்டும் சிக்கல் இல்லை. இடது ஜன்னலின் கதவு மூடும்போது கீழ்ச் சட்டத்தில் உரசியது. வலது ஜன்னலில் கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள சந்து நடுப்பகுதியில் குறுகியிருந்தது.

பொருத்திய நிறுவனத்துக்கு எழுதினேன். ஆள் அனுப்பி சிலிக்கான் பூசித் தருவதாகப் பதில் வந்தது. எனக்குக் கோபம் வந்தது. கோணலின் மேல் சிலிக்கான் பூசினால் கோணல் மறையும், நேராகாது. எங்கே பழுது என்பதை அளவுகளோடு நானே காட்டுவதென்று முடிவு செய்தேன். நான் கைவைத்தால் உத்தரவாதம் போய்விடக் கூடாது என்பதால், சிறு திருத்தங்களைச் செய்துகொள்ள எழுத்திலேயே ஒப்புதல் வாங்கிக்கொண்டேன்.

முதல் சனிக்கிழமை: அளவெடுத்தல்

டேப், ரசமட்டம், பென்சில். இவ்வளவு போதும். ஒவ்வொரு சட்டத்தின் உள்அகலத்தையும் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் எடுத்தேன். உயரத்தையும் அப்படியே. பிறகு மூலைக்கு மூலை குறுக்களவு. இரண்டு குறுக்களவுகளும் சமமாக இருந்தால் சட்டத்தின் மூலைகள் செங்கோணமாக நிற்கின்றன என்று பொருள். இதே அளவைக் கதவுக்கும் தனியாக எடுக்க வேண்டும். உரசுவது சட்டத்தின் குற்றமா, கதவின் குற்றமா என்று இதில்தான் தெரியும்.

இடது ஜன்னலின் சட்டத்தில் குறுக்களவுகள் 1 மி.மீ. கூட மாறவில்லை. கதவில் 5 மி.மீ. வித்தியாசம். கதவுதான் தொங்கியிருந்தது. வலது ஜன்னலின் உள்அகலம் மேலே 1,102, நடுவில் 1,097, கீழே 1,102. சட்டத்தின் பக்கங்கள் உள்நோக்கி வளைந்திருந்தன.

இரண்டாம் சனிக்கிழமை: இடது ஜன்னல்

மூன்றில் இந்த வேலைதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. கதவு தொங்கினால் கீலைத்தான் முடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். முடுக்கியும் பார்த்தேன். பயனில்லை. யு.பி.வி.சி. கதவுச் சட்டம் கண்ணாடியின் எடையைத் தானாகத் தாங்கி நிற்காது. 1 மி.மீ. தடிமன் கண்ணாடி சதுர மீட்டருக்கு 2.5 கிலோ இருக்கும். இந்தக் கதவில் 4 மி.மீ. கண்ணாடிகள் இரண்டு. 0.6 மீட்டருக்கு 1.2 மீட்டர் என்றால் 14 கிலோவைத் தாண்டிவிடுகிறது. அந்த எடை சரியான மூலை வழியாகக் கீலுக்குப் போய்ச் சேர வேண்டும்.

பலகைக் கதவின் பின்னால், கீழ்க் கீலிலிருந்து மேல் எதிர்மூலைக்குச் சாய்வாக ஒரு கட்டை அடித்திருப்பார்களே, இங்கே அந்தக் கட்டையின் வேலையைக் கண்ணாடியே செய்கிறது. கீல் பக்கம் கண்ணாடியின் கீழ்மூலையில் ஒரு பிளாஸ்டிக் அடைதகடு, கைப்பிடிப் பக்கம் மேல்மூலையில் இன்னொன்று. இந்த இரண்டு இடங்களிலும் கண்ணாடி இறுகி நின்றால் கைப்பிடிப் பக்கம் கீழே இறங்காது.

கண்ணாடியைப் பிடித்திருக்கும் பீடிங்கை மெல்லிய பட்டைக் கத்தியால் நெம்பினேன். நீளமான பீடிங்கின் நடுவிலிருந்து தொடங்கினால் எளிதாக வருகிறது. தம்பி இரண்டு கையாலும் கண்ணாடியைத் தாங்கிக்கொண்டான். தனியாளாக இந்த வேலையைச் செய்யவே கூடாது. டெம்பர் செய்த, அதாவது சூடேற்றி உறுதியாக்கிய, கண்ணாடியாக இருந்தால் முகத்தில் எவ்வளவோ தாங்கும், ஆனால் ஓரத்தில் ஓர் அடி பட்டால் முழுவதும் பொடியாகிவிடும். உள்ளே பார்த்தால் கீழே இரண்டு தகடுகள், மேல்மூலையில் ஒன்றுமே இல்லை. அகலமான தட்டை நெம்புகோலால் கண்ணாடியை மெல்ல நெம்பி, 3 மி.மீ. தகடு ஒன்றைச் செருகினேன். கதவின் குறுக்களவு வித்தியாசம் 2 மி.மீ. ஆகக் குறைந்தது. அதை எடுத்துவிட்டு 4 மி.மீ. தகடு வைத்ததும் சமமாயிற்று. பீடிங்குகளில் குட்டையானவற்றை முதலில் தட்டி, நீளமானவற்றை லேசாக வளைத்து நடுவில் அழுத்தி மாட்டினோம். கதவு உரசாமல் மூடியது. அன்று மாலை அதை எத்தனை முறை திறந்து மூடினேன் என்று கணக்கில்லை.

மூன்றாம் வாரம்: வலது ஜன்னல்

நுரை செய்த வேலை. சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே தெளித்த பாலியூரித்தேன் நுரை விரிந்து சட்டத்தை உள்ளே தள்ளியிருந்தது. திருகுகள் மூலைகளுக்கு அருகில் மட்டுமே இருந்தன. 1,300 மி.மீ. உயரமான பக்கத்தில் நடுவில் ஒன்றுகூட இல்லை. திருகுகளுக்கு இடையே 600 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. நுரை இடைவெளியை அடைப்பதற்கான பொருள்தான், சட்டத்தைத் தாங்குவது திருகின் வேலை. நீளக் கத்தியால் நுரையை அறுத்தபோதே சட்டம் 3 மி.மீ. பின்வாங்கியது. இரு பக்கமும் நடுவில் துளையிட்டு, சுவர்ப்பக்கம் தகடு வைத்துத் திருகினேன். தகடு இல்லாமல் முடுக்கியிருந்தால் இப்போது வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். நடு அகலம் 1,102.

சுற்றிலும் 5 மி.மீ. இடைவெளி விட்டுவைத்தேன். இந்தச் சட்டம் 30 டிகிரி வெப்பமாற்றத்தில் மீட்டருக்கு ஏறத்தாழ 2 மி.மீ. நீளும். அதற்கு இடம் வேண்டும்.

அதே நாளில் இன்னொன்றும் அகப்பட்டது. கீழ்ச் சட்டத்தின் உள்பள்ளத்தில் ஒரு குவளை நீர் ஊற்றினேன். வெளியே ஒரு சொட்டும் வரவில்லை. வெளிப்பக்க வடிகால் துளைகளின் மேலேயே சிலிக்கானை இழுத்துவிட்டிருந்தார்கள். மழை பெய்திருந்தால் நீர் வீட்டுக்குள் வந்திருக்கும். சிலிக்கானைச் சுரண்டி எடுத்து, பிளாஸ்டிக் பட்டையால் துளைகளைத் துழாவினேன். புதிதாகத் துளை போடவில்லை. சட்டத்தின் நடு அறையில் இரும்புக் குழல் இருக்கிறது, நீர் அங்கே புகுந்தால் துரு பிடிக்கும்.

நடு ஜன்னல்

அளவில் குறையே இல்லை. இருட்டிய பிறகு மெழுகுவர்த்தியை ஒவ்வொரு கண்ணாடிக்கு முன்னும் பிடித்தேன். இரண்டு கண்ணாடிகளுக்கு நான்கு பரப்புகள், அதனால் சுடருக்கு நான்கு பிம்பங்கள். இடதிலும் வலதிலும் உள்ளிருந்து இரண்டாவது பிம்பம் மட்டும் நிறம் மாறித் தெரிந்தது. வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய உலோகப் பூச்சு அந்தப் பரப்பில் இருக்கிறது. நடு ஜன்னலில் நான்கும் ஒரே நிறம். பூச்சே இல்லாத கண்ணாடி! இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே ஓடும் ஸ்பேசர் பட்டையில் அச்சிட்டிருந்த எழுத்துகளும் மற்ற இரண்டோடு ஒத்துப்போகவில்லை.

இது நான் திருத்தக்கூடியது அல்ல. பிம்பங்களையும் ஸ்பேசர் எழுத்துகளையும் படமெடுத்து, ஒப்பந்தத்தில் பூச்சுக் கண்ணாடி என்று எழுதியிருந்த வரியையும் சேர்த்து அனுப்பினேன். இந்த முறை சிலிக்கான் பற்றிப் பேச்சில்லை. பதினாறாம் நாள் புதிய கண்ணாடி வந்தது. அவர்கள் பீடிங் மாட்டுவதற்கு முன்பே சுடரைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டாவது பிம்பம் நிறம் மாறியிருந்தது.

நேற்று மூன்று கதவுகளிலும் காகிதக் கீற்றை வைத்து மூடி இழுத்தேன். இடதிலும் நடுவிலும் எல்லாப் பக்கமும் இறுக்கமாகப் பிடித்தது. வலதில் மேல்மூலையில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. அந்தப் பக்கக் கொண்டியின் உருளையை ஆலன் சாவியால் கால் சுற்றுத் திருப்பினேன். காகிதம் கிழிந்தது, வரவில்லை.