ஐப்பசியில் டைட்டானியா பூசுவது

எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடியின் மேல் டைட்டானியாவை, அதாவது டைட்டானியம் டை ஆக்சைடை, மெல்லிய படலமாகப் பூசுகிறோம். புதிதாகச் சேரும் மாணவர்கள் முதலில் கேட்பது, எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர்ச் சோதனை) எப்போது எடுக்கலாம் என்பதைத்தான். நான் கொடுக்கும் முதல் வேலை கண்ணாடி கழுவுவது. சோப்பு நீர், காய்ச்சி வடித்த நீர், அசிட்டோன், பிறகு அல்ட்ராசோனிக் தொட்டி.

"பளபளன்னு இருக்கு சார்."

"தண்ணி ஊத்திப் பாரும்மா."

நீர் முழுப் பரப்பிலும் ஒரே ஏடாகப் பரவினால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் பிசுக்கு இன்னும் போகவில்லை. அதன்மேல் பூசிய படலம் சரியாக ஒட்டாது.

மதுரையில் இந்த வேலைக்குப் பருவம் உண்டு. கோடையின் வறண்ட காற்றில், படலத்துக்கு மூலப்பொருளான டைட்டானியம் ஐசோபுரோப்பாக்சைடு ஓரளவு சொன்னபடி கேட்கும். ஐப்பசி அடைமழையில் புட்டியைத் திறந்தால் வாயோரம் வெள்ளை பூத்துவிடும். காற்றிலுள்ள ஈரமே அதைச் சிதைத்து ஆக்சைடாக்கத் தொடங்கிவிடுகிறது. அசிட்டைல் அசிட்டோன் சேர்த்தால் கரைசல் மஞ்சளாகி, வினை மட்டுப்படும். அப்போதும் அன்றைய ஈரப்பதத்தை நோட்டில் எழுதியாக வேண்டும் என்பேன். ஆய்வுக் கட்டுரைகளில் கரைசலைப் பரப்பக் கண்ணாடியைச் சுழற்றும் வேகம் இருக்கும், சூளை வெப்பம் இருக்கும்; ஈரப்பதத்தைப் பலர் எழுதுவதில்லை. அதே செய்முறை இன்னொருவர் கையில் வராமல் போவதற்கு அது ஒன்றே போதும்.

450 டிகிரியில் சுட்டு எடுத்த படலத்துக்கு எக்ஸ்ஆர்டி எடுத்துவிட்டு, "பீக்கே வரல சார்" என்று முகம் வாடி வருவார்கள். தாமிரத்தின் எக்ஸ் கதிரில், ஆனடேஸ் என்ற டைட்டானியா படிக வடிவின் முதன்மை முகடு (பீக்) 25.3 டிகிரிக் கோணத்தில் வரும். படிக ஒழுங்கில்லாத கண்ணாடியின் அகன்ற மேடும் ஏறக்குறைய அதே இடத்தில்தான். நூறு நானோமீட்டர் படலத்தின் சின்ன முகடு அதில் அமுங்கிவிடும். வெறும் கண்ணாடியைத் தனியாக ஓட்டி அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். வசதி இருந்தால் கதிரைச் சாய்கோணத்தில் விட வேண்டும். அதற்குள், முகட்டின் அகலத்திலிருந்து படிகத் துகளின் அளவைக் கணக்கிடும் ஷெரர் சமன்பாட்டில் எண்ணைப் போட்டு, கருவியால் வரும் அகலத்தைக் கழிக்காமல், துகள் அளவைத் தசம இரண்டு இடம் வரை எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நானோ துகள்களைப் பாலிமரில் கலந்து செய்யும் நானோகூட்டுப் பொருளில் இந்த அவசரம் இன்னும் கூடுதல். பாலிவினைல் ஆல்கஹாலில் துத்தநாக ஆக்சைடு கலந்த படலத்தைப் பெட்டியில் வைத்து, மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) எஸ்இஎம் என்ற மின்னணு நுண்ணோக்கிப் படம் எடுத்து வருவார்கள். பத்து மைக்ரோமீட்டர் சதுரம் என்பது ஒரு சென்டிமீட்டர் சதுரத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதில் துகள்கள் அழகாகப் பரவிய இடம் ஒன்று கட்டாயம் கிடைக்கும். குறைந்த உருப்பெருக்கத்திலும் ஒரு படம், திரண்டு கிடக்கும் இடத்தில் ஒரு படம் எடுத்து வரச் சொல்வேன். இரண்டும் ஆய்வேட்டில் வர வேண்டும் என்றால் சிலருக்கு வருத்தம்; வாய்மொழித் தேர்வில் கேள்வி வருமே என்று. வரட்டும். துகள் ஏன் திரள்கிறது என்று பேசத்தானே இத்தனை வருஷம் அந்தக் கரைசலைக் கலக்கினார்கள்.