பட்ஜெட் கேள்விக்கு மூணரை மார்க் வாங்கின பிறகு நான் படிச்ச விதம்

டிஎன்பிஎஸ்சி குரூப் 1 மெயின்ஸுக்கு முன்னாடி ஒரு கோச்சிங் சென்டர்ல மாக் டெஸ்ட் எழுதினேன், பேரு வேணாம். அதுல ஒரு 15 மார்க் கேள்வி, அரசோட பட்ஜெட் எப்படி நிர்வகிக்கப்படுது, கண்காணிக்கப்படுது, மதிப்பிடப்படுதுனு. பார்த்ததும் செம குஷி எனக்கு. ஆர்ட்டிகிள் 112, 113, 114, 116, 265, 266, 267னு மனப்பாடம் பண்ணது எல்லாத்தையும் ஒண்ணு விடாம கொட்டினேன், ஸ்டேட்டுக்கு 202ல இருந்து 206 வரைக்கும் வேற, ரெண்டு பக்கம் ரொம்பி போச்சு. பேப்பர் திரும்பி வந்தப்ப மூணரை மார்க். ஓரத்துல சிவப்பு பேனால ஒரே வரி, "சரி, பாஸ் ஆன அப்புறம் என்ன ஆச்சு?"

கடுப்புல பேப்பர மடிச்சு பைல வெச்சுட்டேன், ஆனா அந்த வரி சரிதான். நான் எழுதினது பூரா ஒரு கல்யாணத்தோட முகூர்த்தம் வரைக்கும் தான், அதுக்கப்புறம் நடந்த குடித்தனத்த பத்தி ஒரு வார்த்தை இல்ல. இன்னொரு தப்பும் பண்ணியிருந்தேன், திட்டச் செலவு திட்டம் சாரா செலவுனு ஒரு பாரா. அந்தப் பிரிவையே 2017-18 பட்ஜெட்லயே எடுத்துட்டாங்க, ரயில்வே பட்ஜெட்ட சேர்த்து பிப்ரவரி 1க்கு மாத்துன அதே வருஷம். சென்டர்ல குடுத்த நோட்ஸ்ல அது அப்படியே பழசா இருந்துச்சு, நானும் பார்க்காம எழுதிட்டேன். நோட்ஸ் யார் குடுத்தாலும் தேதி பாருங்க ப்ளீஸ்.

எனக்கு விஷயம் புரிஞ்சது லைப்ரரில இல்ல, சித்தப்பா வீட்ல. அவர் ட்ரெஷரில, அதாவது கருவூலத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவரு. ஒரு ஞாயித்துக்கிழமை மாம்பலத்துல அவர் வீட்டுக்கு போயிருந்தேன், புலம்பினேன். சிரிச்சுட்டே சொன்னாரு, "ஏம்மா, நீ பட்ஜெட்ட பிப்ரவரி மார்ச்ல இருந்து படிக்கிற, அடுத்த வருஷம் மார்ச் 31 ராத்திரில இருந்து படிச்சு பாரேன்." அப்புறம் ஒரு கதை. ஏதோ ஒரு ஆபீஸ்ல இருந்து மார்ச் 29ம் தேதி ஒரு பில் வந்துச்சாம், 60 ஸ்டீல் பீரோ வாங்கினதுக்கு. அந்த ஆபீஸ்ல மொத்தம் ஏழு ரூம். பீரோவ எங்க வெக்கப் போறீங்கனு கேட்டா, சார் அது அப்புறம் பார்த்துக்கலாம், பணம் லேப்ஸ் ஆயிடும் பில்ல பாஸ் பண்ணுங்கனு கெஞ்சினாங்களாம். அந்த நாள்ல பில்லு கட்டு கட்டா வரும், ராத்திரி 11 மணிக்கு கூட கவுண்டர்ல ஆள் நிப்பாங்களாம். இப்ப ஐஎஃப்எச்ஆர்எம்எஸ்னு தமிழ்நாடு அரசோட சம்பளம், பில் சாஃப்ட்வேர்ல எல்லாம் ஆன்லைன்ல போகுது, ஆனா கடைசி வார கூட்டம் கம்ப்யூட்டருக்குள்ள மாறி இருக்கு அவ்ளோதான்னாரு.

இத ஏன் சொல்றேன்னா, பட்ஜெட் நிர்வாகத்தோட பாதி விஷயம் இந்த பீரோக்குள்ளயே இருக்கு. சட்டசபை ஒரு வருஷத்துக்கு தான் அனுமதி குடுக்குது, செலவாகாத பணம் மார்ச் 31ஓட காலாவதி, அதனால மிச்சம் ஆகும்னு தெரிஞ்சா முன்கூட்டியே சரண்டர் பண்ணனும், பண்ணா அடுத்த வருஷம் ஒதுக்கீட்ட குறைச்சிடுவாங்களோனு பயம், அதனால கடைசில அள்ளி விடுறாங்க. இதுக்குத்தான் மத்திய நிதி அமைச்சகம் கடைசி காலாண்டுல 33 சதவீதத்துக்கு மேல கூடாது, மார்ச் மாசத்துல மட்டும் 15 சதவீதத்துக்கு மேல கூடாதுனு வரம்பு வெச்சிருக்கு. நிறைய பேர் பட்ஜெட்ட வீட்டுக் கணக்கு மாதிரினு ஆரம்பிச்சு எழுதுவாங்க, எனக்கு அது பிடிக்கல. நம்ம வீட்ல மிச்சமான காசு மார்ச் 31 ராத்திரி காணாம போறதில்ல, அஞ்சறைப் பெட்டிக்குள்ள தான் இருக்கும்.

அதுக்கப்புறம் நான் பண்ணது ஒண்ணே ஒண்ணு தான். எல்லா துறையையும் விட்டுட்டு மக்கள் நல்வாழ்வுத் துறைய மட்டும் எடுத்துக்கிட்டு, அதோட பணம் எங்க போகுதுனு கடைசி வரைக்கும் துரத்தினேன். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல சொந்த புக் எடுத்துட்டு போய் படிக்கிற இடத்துல, காலைல சீக்கிரம் போனா தான் சீட்டு, டிபன் பாக்ஸ்ல லெமன் சாதம், கீழ போய் ஒரு டீ, இப்படி ஒரு பத்து நாள். நிதித்துறையோட பட்ஜெட் சைட்ல மானியக் கோரிக்கை புக், அதாவது ஒவ்வொரு துறையும் எதுக்கு எவ்ளோ பணம் வேணும்னு சபைகிட்ட கேக்கிறது, ஃப்ரீயா இருக்கு. துறை வாரியா கொள்கை விளக்கக் குறிப்பும் கிடைக்கும், அதுவும் தமிழ்லயே. தமிழ் மீடியம்காரங்க இத படிச்சீங்கன்னா கலைச்சொல்லுக்கு தனியா அலைய வேணாம்.

மானியக் கோரிக்கைய திறந்த உடனே தலை சுத்தும், எல்லாம் நம்பரா இருக்கும். அந்த நாலு இலக்க நம்பர்ல முதல் இலக்கத்த மட்டும் பாருங்க, பாதி பயம் போயிடும். 0ல ஆரம்பிச்சா வரவு, 2 இல்ல 3னா வருவாய் செலவு, 4 இல்ல 5னா மூலதனச் செலவு, 6 இல்ல 7னா கடன், 8னா பெரும்பாலும் பொதுக் கணக்கு, அதாவது பிஎஃப் மாதிரி அரசு கைல இருக்கிற மத்தவங்க பணம். மருத்துவத்துக்கு 210னு வெச்சுக்கோங்க. 0210 ஆஸ்பத்திரி மூலமா வர வரவு, 2210ல நர்ஸ் சம்பளம் மருந்து செலவு, 4210ல புது கட்டடம், 6210 கடன். ஒரே ஆஸ்பத்திரி நாலு எடத்துல நிக்குது. இத புரிஞ்சுக்கிட்ட அன்னிக்கு தான் எனக்கு வருவாய் செலவு மூலதனச் செலவு வித்தியாசம் நிஜமா தெரிஞ்சுது, அதுக்கு முன்னாடி டெஃபனிஷன் மட்டும் தான் தெரியும்.

அடுத்தது காலம். பட்ஜெட் அன்னிக்கு டிவில ஒரு நம்பர் தான் ஓடும், ஆனா புக்ல நாலு காலம் இருக்கும். மத்திய பட்ஜெட் 2025-26 எடுத்தீங்கன்னா 2023-24 ஆக்சுவல்ஸ், 2024-25 பட்ஜெட் எஸ்டிமேட், அதே வருஷ ரிவைஸ்டு எஸ்டிமேட், அப்புறம் 2025-26 எஸ்டிமேட். அதுல மூலதனச் செலவு வரிய மட்டும் படிங்க. 2024-25க்கு 11.11 லட்சம் கோடினு சொன்னாங்க, ரிவைஸ்டுல 10.18 ஆயிடுச்சு, அடுத்த வருஷத்துக்கு மறுபடி 11.21. அதுக்கு முந்தின 2023-24லயும் 10 லட்சம் கோடினு ஆரம்பிச்சு ஆக்சுவல்ஸ்ல 9.49தான் வந்துச்சு. சொன்னது, நடுவுல திருத்தினது, நிஜமா செலவானது. ஹெட்லைன் நம்பர மட்டும் எழுதுறவனுக்கும் இந்த மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எழுதுறவனுக்கும் மார்க்ல வித்தியாசம் கண்டிப்பா வரும்.

இதுலயே ஒரு கொக்கி இருக்கு, நிறைய பேர் கவனிக்கிறதில்ல. கணக்குல செலவுனு ஏறிட்டா அது செலவாயிடுச்சுனு அர்த்தம் இல்ல. கஜானால இருந்து திட்ட அமலாக்க ஏஜென்சியோட பேங்க் அக்கவுண்டுக்கு போனாலே செலவுனு பதிவாகும், பணம் அங்க மாசக்கணக்குல தூங்கினாலும் சரி. இத பிடிக்கத்தான் பயன்பாட்டுச் சான்றிதழ் கேக்குறாங்க, ஆபீஸ்ல யுசினு சொல்வாங்க, யுசி பெண்டிங்னா அடுத்த தவணை நிக்கும். அரசுப் பணம் எங்க போகுதுனு ஆன்லைன்ல பார்க்கிற பிஎஃப்எம்எஸ் சிஸ்டம் வந்ததும், 2021ல இருந்து மத்திய அரசு பங்கு குடுக்கிற ஒவ்வொரு திட்டத்துக்கும் ஸ்டேட்ல ஒரே நோடல் அக்கவுண்ட்னு கொண்டு வந்ததும் இதே காரணத்துக்கு தான். கண்காணிப்புனு கேட்டா இத எழுதுங்க, "அமைச்சகங்கள் கண்காணிக்கின்றன"னு மொட்டையா எழுதாதீங்க.

சபைக்குள்ள நடக்கிறத சுருக்கமா முடிச்சுக்கலாம், அது எல்லா புக்லயும் இருக்கு. 2025-26ஓட 50.65 லட்சம் கோடி மத்திய பட்ஜெட்ல வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி, அது சார்ஜ்டு செலவு, விவாதிக்கலாம் ஆனா ஓட்டுக்கே வராது. ஓட்டுக்கு வர மானியக் கோரிக்கைலயும் பெரும்பாலானது பேசவே நேரம் இல்லாம கில்லட்டின்ல, அதாவது விவாதமே இல்லாம மொத்தமா ஓட்டுக்கு விட்டு, போயிடும். அதனால தான் கமிட்டி முக்கியம்.

இப்ப ஆடிட். சென்னைல மெட்ரோ ஏறுறவங்க எல்லாருக்கும் ஏஜி-டிஎம்எஸ் ஸ்டேஷன் தெரியும், டிஎம்எஸ் மருத்துவத் துறை ஆபீஸ்னு கூட தெரிஞ்சிருக்கும், ஏஜினா யாருனு கேட்டு பாருங்க. அக்கவுண்டன்ட் ஜெனரல். சிஏஜி, அதாவது அரசுக் கணக்க தணிக்கை பண்ற தலைமைத் தணிக்கையாளரோட ஆளுங்க, அண்ணா சாலைல அந்த ஸ்டேஷன் பக்கத்துலயே தான் ஆபீஸ். நானே ரெண்டு வருஷம் அது வழியா போயிட்டு சிஏஜிய டெல்லில இருக்கிற ஏதோ ஒண்ணுனு நெனச்சுட்டு இருந்தேன். அரசியலமைப்புலயே ரொம்ப முக்கியமான அதிகாரினு அம்பேத்கர் சிஏஜிய பத்தி சொன்னத எல்லாரும் முதல் வரில போடுவாங்க, நான் போடல, பேப்பர் திருத்துறவருக்கு அது நூறாவது தடவையா இருக்கும். அதுக்கு பதிலா சென்னை வெள்ளத்த எடுத்தேன். 2015 டிசம்பர் வெள்ளம், செம்பரம்பாக்கம் தண்ணி திறப்பு, இத பத்தி சிஏஜி பண்ண செயல்திறன் தணிக்கை 2018 ஜூலைல சட்டசபைல வைக்கப்பட்டுச்சு, மனுஷன் உண்டாக்கின பேரிடர்னு அதுல சொல்லியிருந்தாங்க. ரசீது சரியா இருக்கா, விதிப்படி செலவாச்சானு பார்க்கிறது ஒரு வகை. போட்ட பணத்துக்கும் எடுத்த முடிவுக்கும் பலன் கிடைச்சுதானு பார்க்கிறது இது. இந்த ஒரு உதாரணத்துலயே குறையும் எழுதிடலாம், நடந்தது 2015, ரிப்போர்ட் வந்தது 2018. பேர்ல கம்ப்ட்ரோலர்னு இருந்தாலும் நம்ம சிஏஜி பணம் வெளிய போறத தடுக்க முடியாது, போன அப்புறம் தான் பார்க்கிறாரு.

ரிப்போர்ட் வந்த உடனே கதை முடியல, பொதுக்கணக்குக் குழுவுக்கு போகும், துறை செயலாளர் வந்து பதில் சொல்லணும். பார்லிமென்ட்ல 22 பேர், மக்களவை 15 மாநிலங்களவை 7, மந்திரி இருக்க முடியாது, 1967ல இருந்து தலைவர் எதிர்க்கட்சிக்காரர். அனுமதிச்சதுக்கு மேல செலவு பண்ணிட்டா அதையும் இந்தக் குழு பார்த்த அப்புறம் தான் சபை முறைப்படுத்தும். மதிப்பீட்டுக் குழுவோட, அதாவது எஸ்டிமேட்ஸ் கமிட்டியோட போட்டு குழப்பிக்காதீங்க, அது 30 பேர், எல்லாரும் மக்களவை.

மதிப்பீடுல தான் நான் அதிகம் சொதப்பினேன், ஏன்னா அவுட்புட்டும் அவுட்கமும் ஒண்ணுனு நெனச்சேன். காலை உணவுத் திட்டம் வெச்சு பாருங்க, 2022 செப்டம்பர் 15 மதுரைல ஆரம்பிச்சது, 2023 ஆகஸ்ட்ல 31,008 அரசு தொடக்கப் பள்ளிக்கு விரிவாக்கினாங்க, சுமார் 17 லட்சம் குழந்தைங்க. இவ்ளோ பள்ளி இவ்ளோ குழந்தைனு சொன்னா அது அவுட்புட், பொங்கல் கரெக்டா தட்டுக்கு வந்துச்சுனு அர்த்தம். வருகைப் பதிவு கூடுச்சா, முதல் பீரியட்ல குழந்தை மயங்கி விழறது குறைஞ்சுதா, இது அவுட்கம். மத்திய அரசு 2005-06ல அவுட்கம் பட்ஜெட் கொண்டு வந்தது, நிதி ஆயோக்ல டிஎம்இஓனு மதிப்பீட்டுக்கு தனி ஆபீஸ் இருக்கிறது, எல்லாம் இந்த ரெண்டாவது கேள்விக்காக தான். இன்டர்வியூல எங்கிட்ட இதையே கேட்டாங்க, திட்டத்துக்கு முன்னாடி வருகை எவ்ளோ இருந்துச்சு சொல்லுங்கனு. தெரியல சார்னு சொன்னேன். அப்ப கூடுச்சுனு எத வெச்சு சொல்றீங்கனு கேட்டாரு பாருங்க, ஏசி ரூம்ல வேர்த்துடுச்சு. அந்த தடவ கிடைக்கல, இப்ப குரூப் 2 வேலைல இருந்துக்கிட்டே திரும்ப எழுதிட்டு இருக்கேன்.

படிக்கிறப்ப கவனிங்க, அரசியலமைப்பு பகுதி ஒரு பேப்பர்ல வரும், பொருளாதாரம் இன்னொரு பேப்பர்ல. பட்ஜெட் ரெண்டுலயும் தலைகாட்டும், அதனால ரெண்டு நோட்டு போடாதீங்க, ஒரே நோட்டு. எழுதுறப்ப 15 மார்க்குக்கு கிட்டத்தட்ட 11 நிமிஷம் தான் கிடைக்கும். முதல் நிமிஷம் நாலு கட்டம் போடுறேன், தயாரிப்பு, சபை அனுமதி, செலவு, தணிக்கைனு, கடைசி கட்டத்துல இருந்து முதல் கட்டத்துக்கு ஒரு அம்புக்குறி. ஆர்ட்டிகிள் நம்பர கட்டத்துக்குள்ளயே எழுதிடுவேன், அதுக்கு தனி வரி கிடையாது. மிச்ச நேரம் பூரா மூணாவது கட்டத்துக்கும் நாலாவது கட்டத்துக்கும். அதே கேள்விய அதே சென்டர்ல மறுபடி எழுதினப்ப பத்தே கால் போட்டாங்க, பீரோவ பத்தி எழுதல, மார்ச் மாத அவசரச் செலவுனு மரியாதையா போட்டேன்.