தெருவுக்கு 30 போதும்

நங்கநல்லூரில் எங்கள் தெருவுக்குப் புதுத் தார் போட்ட மறுநாளிலிருந்தே வண்டிகளின் ஓட்டம் மாறிவிட்டது. குண்டும் குழியுமாகக் கிடந்தவரை ஊர்ந்து போனவர்கள் இப்போது பறக்கிறார்கள். மெயின் ரோடு சிக்னலில் நிற்க மனமில்லாதவர்களுக்கு இது நல்ல குறுக்குவழி. நேரான தெரு, இருபத்திரண்டு அடி தார், குறுக்கே ஒன்றும் கிடையாது. பக்கத்து வீட்டு மாமி கோலம் போடுவதை ஆறு மணியிலிருந்து ஐந்து மணிக்கு மாற்றிக்கொண்டுவிட்டார்.

வீட்டில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். "எல்லாரும் வேகமா போறாங்க மிஸ்" என்று அவர்கள் சொல்வார்கள். எவ்வளவு வேகம் என்று கேட்டால் பதில் வராது. சரி, அளந்தே பார்த்துவிடலாம் என்று கொத்தனாரிடம் டேப் வாங்கி, 20 மீட்டர் இடைவெளியில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டோம். ஸ்டாப்வாட்ச் செல்போனிலேயே இருக்கிறது. 30 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 8.3 மீட்டர், இரண்டு கோட்டுக்கும் நடுவே 2.4 விநாடி ஆக வேண்டும். சென்னையில் குடியிருப்புப் பகுதிகளில் எந்த வண்டியானாலும் 30தான் உச்சம் என்று 2023 நவம்பரிலேயே காவல்துறை அறிவித்துவிட்டது. எங்கள் தெருவில் பெரும்பாலான வண்டிகள் இரண்டு விநாடிக்குள் கடந்தன. சில பைக்குகள் ஒன்றரை விநாடி. அதாவது 48 கிலோமீட்டர்.

30க்கும் 50க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. கண் பார்த்து, கால் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி என்று வைத்துக்கொள்வோம். 30இல் வரும் கார் அந்த ஒரு விநாடியில் 8 மீட்டர் ஓடி, பிறகு காய்ந்த ரோட்டில் சுமார் 5 மீட்டரில் நின்றுவிடும். மொத்தம் 13 மீட்டர். ஏறக்குறைய ஒரு கிரவுண்டு மனையின் முகப்பு அகலம். 50இல் வரும் காருக்கு அந்த ஒரு விநாடியிலேயே 14 மீட்டர் போய்விடுகிறது. முதல் கார் முழுசாக நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது கார் இன்னும் பிரேக்கே பிடிக்கவில்லை. பந்தைத் துரத்தி வரும் குழந்தை நிற்பது அந்த இடத்தில்தான். இதைப் போர்டில் எழுதிக் காட்டியபோது, ஸ்கூட்டரில் டியூஷனுக்கு வரும் பையன் ஒருவன் வாயே திறக்கவில்லை. பதினெட்டு வயது ஆகாத பிள்ளை ஓட்டிச் சிக்கினால் பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு என்பதையும் சேர்த்தே சொன்னேன். மறுவாரம் சைக்கிளில் வந்தான்.

அளந்ததில் இன்னொன்றும் தெரிந்தது. நம்பர் பிளேட்டைப் பார்த்தால் பாதிக்கு மேல் எங்கள் தெருவும் அடுத்த தெருவும்தான்.

எங்கள் குடியிருப்போர் கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: ஸ்பீட் பிரேக்கர். பக்கத்துத் தெருவில் வீடு கட்டி மிஞ்சிய கான்கிரீட்டைக் கொட்டி ஒன்று போட்டிருக்கிறார்கள். டேப் வைத்துப் பார்த்தேன். அகலம் ஒன்றரை அடி, உயரம் அரை அடிக்குக் கொஞ்சம் குறைவு, வெள்ளைக் கோடு கிடையாது. காரின் அடிவயிறு உரசுகிறது. ஆட்டோவில் வரும் கர்ப்பிணிப் பெண்கள் இறங்கி நடக்கிறார்கள். பைக்குகளோ வேகத்தைக் குறைப்பதே இல்லை. மழைத்தண்ணீர் போக ஓரத்தில் ஒன்றரை அடி விட்டிருக்கிறார்களே, அந்த இடுக்கில் நுழைந்து போகின்றன. வயதானவர்கள் நடப்பது அந்த ஓரத்தில்தான்! இன்னொரு தெருவில் ரப்பர் தடை வைத்தார்கள். துண்டு துண்டாகப் பெயர்ந்துபோய், போல்ட்டுகள் மட்டும் தார் மேல் நீட்டிக்கொண்டிருக்கின்றன.

வேகத்தடைக்கு முறையான அளவு இருக்கிறது. சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் 1988இலேயே சொன்னது: வண்டி போகும் திசையில் அகலம் 3.7 மீட்டர், நடு உயரம் 10 சென்டிமீட்டர், மேற்பரப்பு மெல்லிய வில்போல் வளைந்திருக்க வேண்டும். 25 கிலோமீட்டரில் ஏறி இறங்கினால் ஆளுக்கும் வண்டிக்கும் ஒன்றும் ஆகாது. வேகமாக வந்தால் தூக்கிப்போடும். இந்த மாதிரி மேட்டைக் கணக்குப் போட்டு வடிவமைத்த முன்னோடிகளில் ஒருவர் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஆர்தர் காம்ப்டன். 1953இல், செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில் கார்கள் விரைவதைப் பார்த்துவிட்டுச் செய்தார். இயற்பியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் முகம் மலர்ந்துவிடுகிறது.

ஆனால் தடை ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. தாண்டியதும் ஆக்ஸிலரேட்டரை முறுக்குவார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1960களின் கடைசியிலேயே தெருவின் வடிவத்தை மாற்றினார்கள். நேர்க்கோட்டை உடைத்து, நடுவே மரமும் பெஞ்சும் வைத்து, வண்டியை வளைந்து போகச் செய்தார்கள். 1976இல் அந்த நாடு அதைச் சட்டமாகவே ஆக்கியது. அப்படிப்பட்ட தெருக்களில் வண்டி நடை வேகத்தில்தான் போக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. பிள்ளைகள் தெருவின் முழு அகலத்திலும் விளையாடலாம். எங்கள் தெருவிலும் கார்கள் நிற்கத்தான் செய்கின்றன, எல்லாம் ஒரே பக்கமாக. கொஞ்ச தூரம் இந்தப் பக்கம், கொஞ்ச தூரம் அந்தப் பக்கம் என்று மாற்றி நிறுத்தினாலே பாதை வளைந்துவிடும். செலவு ஒரு டப்பா பெயின்ட்.

சாப்பாடு கொண்டுவரும் தம்பி ஒருவரை நிறுத்திக் கேட்டேன். "மெதுவா போனா கஸ்டமர் போன் மேல போன் போடுறாங்கக்கா. உங்க தெருவுலயும்தான்" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஆர்டரில் 'மெதுவாக வாருங்கள், தாமதமானால் பரவாயில்லை' என்று எழுதுகிறோம். நாலைந்து வீடுகளில் இப்போது அப்படி எழுதுகிறார்கள். எல்லா வீட்டிலும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளைகள் எழுதிய அளவுப் பட்டியலை இணைத்து மாநகராட்சிக்கு மனு கொடுத்திருக்கிறோம். கேட்டது மூன்று: முறையான அளவில் இரண்டு தடைகள், தண்ணீருக்குத் தடையின் அடியில் குழாய், தடை போட்ட அன்றே வெள்ளைக் கோடு. மூன்றாவதில் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கோடு இல்லாத தடை இரவில் வரும் பைக்காரரைக் கீழே தள்ளும். அவரும் யார் வீட்டுப் பிள்ளையோ. மழைக்காலம் முடிந்ததும் வேலை தொடங்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் கார் நிறுத்தும் ஏற்பாட்டை முடிக்க வேண்டும். எதிர் வரிசையில் இரண்டு வீட்டுக்காரர்கள் இன்னும் சம்மதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போய்ப் பேசப்போகிறேன்.