நடக்கும்போது மட்டும் வரும் வலி

சுங்கை சிப்புட் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் செம்பனைக் குலை வெட்டிய அப்பாவுக்கு, நடந்தால் மட்டும் கெண்டைக்கால் வலிக்கிறது, உட்கார்ந்தால் தணிந்துவிடுகிறது. ஓய்வில் போதுமானதாகத் தோன்றும் இரத்தவோட்டம் உழைப்பின்போதுதான் தன் பற்றாக்குறையைக் காட்டுகிறது என்பதால், உடற்பயிற்சிக்கிடையே எம்.ஆர்.ஐ. எடுக்கும் ஆய்வுகளை மிகுந்த அக்கறையோடு வாசித்து வருகிறேன்.

ஓய்வில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை இறைக்கும் இதயம், கடும் உழைப்பில் 20 லிட்டருக்கு மேலும் இறைக்கக்கூடும். அதில் பெரும்பங்கு தசைகளுக்கே செல்கிறது. எம்.ஆர்.ஐ. கருவிக்குள் இடத்துக்கு இடம் படிப்படியாக மாறும் காந்தப்புலத்தில் நகரும் இரத்தத்தின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தம் வேகத்துக்கேற்பச் சமிக்ஞையின் கட்டத்தை, அதாவது அலையின் ஏற்ற இறக்க நிலையை, மாற்றுவதால், சாயமோ எக்ஸ்கதிரோ இன்றியே அந்த ஓட்டத்தை அளந்துவிடலாம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கருவிக்குள் படுத்தபடி பெடலை மிதிக்கையில் உடல் அசைந்தால் படம் கலங்குகிறது. மிதிப்பதை நிறுத்தினாலோ சில நொடிகளிலேயே இதயத்துடிப்பு தணியத் தொடங்கிவிடுகிறது.