ஐந்து பாலங்கள், இரண்டு கார்கள்

தஞ்சாவூரில் என் மாமா வீட்டுக் கொட்டகையில், நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில், 1948ஆம் ஆண்டின் எம்ஜி டிசி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நிற்கிறது. சென்ற புரட்டாசியில் ஒரு விடியற்காலை அதைத் திருவையாறு வரை ஓட்ட மாமா அனுமதித்தார். மறுநாள் அதே சாலையில் எங்கள் எர்டிகாவில் குடும்பத்தோடு சென்றேன்.

ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயரை வைத்து வேகத்தைக் கற்பனை செய்துகொள்ளக் கூடாது. டிசியின் 1250 சிசி எஞ்சின் தருவது 54 குதிரைத்திறன்தான். ஏழு பேர் அமரும் எர்டிகாவின் 1462 சிசி எஞ்சினோ 100ஐத் தாண்டுகிறது. ஆனால் மரச்சட்டத்தின் மேல் தகடு போர்த்திய அந்தப் பழைய கார் எர்டிகாவைவிட 300 கிலோவுக்கு மேல் எடை குறைந்தது என்பதாலும், கதவின் விளிம்பு முழங்கை உயரத்துக்குத் தாழ்ந்திருப்பதாலும், 50 கிலோமீட்டர் வேகமே பாய்ச்சலாகத் தோன்றுகிறது. ஓட்டுபவரின் கண்முன் இருப்பது எஞ்சின் சுழற்சியைக் காட்டும் முள். வேகங்காட்டி பக்கத்து இருக்கைக்கு எதிரே இருக்கிறது. எஞ்சினைக் கவனித்தால் போதும் என்று அதை வடிவமைத்தவர்கள் கருதினார்கள் போலும்.

முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ், அதாவது பல்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்து உரசாமல் பொருத்தும் அமைப்பு, கிடையாது. வெண்ணாற்றுப் பாலத்துக்கு முன்னால் நெல் ஏற்றிய டிராக்டர் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தபோது, "கிளட்சை ரெண்டு தடவை மிதி மாப்ளே, நடுவுல கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடு" என்று மாமா சொல்லச் சொல்ல, மூன்றாவது முயற்சியில்தான் பல்சக்கரங்கள் உரசாமல் பொருந்தின. அந்த ஒரு கணத்தின் நிறைவை எர்டிகா எனக்கு ஒருபோதும் தந்ததில்லை.

இருந்தும் என் மகளை டிசியில் ஏற்றிச் செல்ல மாட்டேன். அதில் சீட் பெல்ட் இல்லை. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். அறுவடைக் காலத்தில் சாலையின் பாதியில் நெல் காய்கிறது, மீதியில் ஆடுகளும் இருசக்கர வண்டிகளும் வருகின்றன. 2019 முதல் நம் நாட்டில் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட ஏபிஎஸ், திடீரென்று பிரேக்கை அழுத்தினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காத்து, வண்டியைத் திருப்ப இடம் கொடுக்கிறது. குழந்தை பின்னால் அமர்ந்திருக்கும்போது இதற்கு ஈடாக வேறெதையும் நான் நினைக்க முடியாது.

பழைய காரை வைத்திருப்பவர்களுக்கு எரிபொருளும் கவலைதான். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுக்கப்படும் அது பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும், ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். புதிய கார்கள் அதற்கேற்றபடி செய்யப்படுகின்றன. மாமாவோ எரிபொருள் குழாய்கள் அனைத்தையும் மாற்றிவிட்டு, மாதக்கணக்கில் டாங்கியில் பெட்ரோல் தேங்காதபடி பார்த்துக்கொள்கிறார்.

டிசியின் முன்னும் பின்னும் அதிர்வைத் தாங்க இருப்பவை பட்டை வில்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஒவ்வொரு பாலத்தின் இணைப்பும் ஸ்டீயரிங் வழியாக என் உள்ளங்கையில் வந்து தட்டியது. வைக்கோல் மணமும் ஆற்றின் குளிர்ச்சியும் முகத்தில் மோதின. மறுநாள் கண்ணாடிகளை ஏற்றி, ஏசியைப் போட்டு, அந்த அதிர்வுகள் ஏதுமின்றிச் சென்றுகொண்டிருந்தோம்.

"வெட்டாறு எப்பப்பா வரும்?" என்று மகள் கேட்டபோது, நாங்கள் குடமுருட்டியையும் தாண்டியிருந்தோம்.